முந்நதி நகர் பிட்ஸ்பர்க்: எஃகும் கல்வியும்

ஆற்றங்கரையிலேயே மக்கள் நாகரிகம் முளைத்துத் தழைத்தது என்பது வரலாற்று நூலார் பலரும் ஒப்ப முடிந்த உண்மை. உழவுக்கு நீரும், வாணிகத்திற்கு வழியும், பகைவரைத் தடுக்க அரணும் ஆறு ஒன்றே தருதலின், பண்டையோர் ஆறுள்ள இடத்தையே ஊராகக் கொண்டனர். ஆயினும், ஆற்றால் வாழ்ந்த நகரங்கள் யாவும் ஒரு படித்தாய் வாழ்ந்தன அல்ல. சில வளர்ந்து நின்றன. சில வளர்ந்து வீழ்ந்தன. மிகச் சிலவே வீழ்ந்தபின் எழுந்தன. அம் மிகச் சிலவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பிட்ஸ்பர்க் நகரம். ஒரு தொழிலால் உலகப் புகழ் எய்தி, அத்தொழில் தேய்ந்தபோது குடிகளிற் பாதிக்கு மேற்பட்டோரை இழந்து, பின்னர்க் கல்வியாலும் மருத்துவத்தாலும் தலைநிமிர்ந்தது இந்நகர். குலத்தொழில் ஒன்றையே நெடுங்காலம் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. அவர்க்கு இவ்வரலாறு பயன்படும் என்னும் கருத்தால் இதனை எழுதப் புகுந்தோம்.

இடச் சிறப்பு

ஆறுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் கூடல் என்பது தமிழ் வழக்கு. பிட்ஸ்பர்க் அத்தகையதொரு கூடல். வடக்கிலிருந்து அல்லகேனி ஆறும், தெற்கிலிருந்து மொனங்கஹேலா ஆறும் வந்து இவ்விடத்தில் கலக்கின்றன. கலந்தபின் இரண்டும் தம் பெயரை இழந்து, ஒஹையோ என்னும் மூன்றாம் ஆறாய் மேற்கு நோக்கிச் செல்கின்றன. ஒஹையோ ஏறக்குறைய 1,580 கிலோமீட்டர் ஓடி மிசிசிப்பிப் பேராற்றில் விழுகின்றது. ஆகவே, இக்கூடலில் படகேறியவன் ஆற்று வழியாகவே அப்பெருநாட்டின் நடுவிடம் கடந்து தென்கடல் வரையிற் செல்லலாம். இவ்விடத்தை ஆள்வோன் மேற்கு நாட்டின் வாயிலை ஆள்வோன் ஆவான் என்பதை அந்நாட்டுத் தொல்குடிகள் அறிந்திருந்தனர். பின்வந்த ஐரோப்பியரும் அறிந்தனர்.

1753 ஆம் ஆண்டில், பிற்காலத்தே அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டன், இருபத்தொரு வயது இளைஞராய் இக்கூடலைக் கண்டு, கோட்டை கட்டுதற்கு ஏற்ற இடம் இது எனக் குறித்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரர் அவ்விடத்தைக் கைப்பற்றி டூக்கேன் கோட்டையை எழுப்பினர். 1755 இல் அதனை மீட்க வந்த ஆங்கிலத் தளபதி பிராடக் பெருந்தோல்வியுற்று உயிர் துறந்தார். 1758 நவம்பரில் தளபதி போர்ப்ஸ் படையுடன் நெருங்கினபோது, பிரெஞ்சுக்காரர் தம் கோட்டைக்குத் தாமே தீயிட்டு நீங்கினர். அன்றைய ஆங்கில அமைச்சர் வில்லியம் பிட் என்பாரின் பெயரால் இடத்திற்குப் பிட்ஸ்பர்க் என்னும் பெயர் அமைந்தது. அங்கே ஆங்கிலேயர் கட்டிய பிட் கோட்டையின் சிறு காவற்கட்டடம் ஒன்று, 1764 இல் எழுந்தது, இன்றும் நிற்கின்றது. அந்நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது.

கரியும் இரும்பும்

கோட்டை ஊராகி, ஊர் 1816 இல் நகராயிற்று. அரணுக்காகத் தேர்ந்த இடத்தின் அடியில் அதனினும் பெரிய செல்வம் கிடந்தது. மொனங்கஹேலாவின் தென்கரையில் செங்குத்தாய் எழுந்த குன்றில் நிலக்கரி மிகுதி. பழங்காலத்தார் அதனைக் கரிமலை என்றே வழங்கினர். இன்று அது வாஷிங்டன் மலை எனப்படும். தோண்டிய கரியைப் படகில் தள்ளினால் ஆறே சுமந்து செல்லும்; கூலி மிகுதி இல்லை. கரி மலிந்த இடத்தில் கண்ணாடி உலைகளும் இரும்புப் பட்டறைகளும் வந்து சேர்ந்தன. 1845 ஏப்ரல் 10 ஆம் நாள் மூண்ட பெருந்தீயில் நகரின் மூன்றிலொரு பங்கு எரிந்து சாம்பலாயிற்று. ஆயினும், தொழில் உள்ள ஊர் ஆதலின் விரைவிலேயே மீண்டும் எழுந்தது.

எஃகு பிறக்கும் முறையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் புகாமற் சுட்டால் புகையும் பிற கலப்பும் நீங்கிக் கோக் என்னும் கடுங்கரி கிட்டும். கோக், இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றையும் உயரமான ஊதுலையில் மேலிருந்து கொட்டிக் கீழிருந்து வெங்காற்றை ஊதினால், தாது உருகி இரும்பாய் அடியில் வடியும். இவ்விரும்பு கடினமாயினும் நொறுங்கும் இயல்பினது. காரணம், அதிற் கலந்த கரி. இவ்வுருகிய இரும்பினூடே காற்றை வலிந்து செலுத்தினால் அக்கரி எரிந்து நீங்கும்; எஞ்சுவது எஃகு. பெஸ்ஸமர் என்னும் ஆங்கிலேயர் பெயரால் வழங்கும் இம்முறை வருமுன், எஃகு விலை மிக்க பொருளாய், கத்தி முதலிய சிறு கருவிகளுக்கே பயன்பட்டது. இம்முறை வந்தபின், இருப்புப்பாதையும் பாலமும் மாடங்களும் எஃகாலேயே ஆயின. நல்ல கோக் தரும் கரி பிட்ஸ்பர்க்கின் தெற்கே கானல்ஸ்வில் பகுதியில் மிகுதி. தாது வடக்கிலுள்ள பேரேரி வழியாய்க் கப்பலில் வந்தது. விளைந்த எஃகைக் கொண்டு செல்ல ஆறும் புகைவண்டியும் இருந்தன. இவை யாவும் ஒருங்கு கூடிய இடம் வேறில்லை.

நெசவாளர் மகன்

இவ்வாய்ப்பைக் கண்டு பற்றிக்கொண்டவர் ஆண்ட்ரூ கார்னகி. இவர் 1835 இல் ஸ்காட்லாந்து நாட்டு டன்பர்ம்லின் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கைத்தறியில் உயர்ந்த லினன் துணி நெய்தவர். நீராவித் தறி வந்து கைத்தறியின் வாழ்வைக் கெடுத்தது. நெய்தற்கு நூல் தருவார் இன்றி, தறியை விற்று, கடன் பெற்று, 1848 இல் அக்குடும்பம் கடல் கடந்து பிட்ஸ்பர்க்கை அடுத்த அல்லகேனி நகரிற் குடியேறியது. பதின்மூன்று வயதுச் சிறுவரான கார்னகி பஞ்சாலையில் நூற்கதிர் மாற்றும் வேலைக்குச் சென்றார். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பின்னர்த் தந்திச் செய்தி கொண்டு ஓடும் பையனாயினார். அந்நாளில் ஆண்டர்சன் என்னும் பெருந்தகையாளர் ஒருவர், தம் வீட்டு நூல்களைச் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்க்கு இரவல் அளித்து வந்தார். அங்கே பெற்ற நூலறிவே தம்மை உயர்த்தியது என்பதைக் கார்னகி இறுதிவரை மறந்திலர்.

புகைவண்டிக் கம்பெனியில் உயர்ந்து பொருள் ஈட்டிய அவர், 1875 இல் பிராடக் என்னும் இடத்தில் எட்கர் தாம்சன் எஃகாலையைத் தொடங்கினார். 1755 இல் தளபதி பிராடக் வீழ்ந்த போர்க்களமே அவ்விடம். ஹென்றி கிளே பிரிக் என்பவரின் கோக் உலைகளும் அவர் ஆலைகளோடு இணைந்தன. 1901 இல் கார்னகி தம் கம்பெனியை ஜே. பி. மார்கன் குழுவினர்க்கு 48 கோடி டாலருக்கு விற்றார். அதனைக் கொண்டு அமைந்த அமெரிக்க எஃகுக் கம்பெனியே உலகில் நூறு கோடி டாலர் முதலீடு கண்ட முதற் கம்பெனியாகும்.

வேறு தொழிலாளரும் அக்காலத்தே அந்நகரிற் சிறந்தனர். வெஸ்டிங்ஹவுஸ் என்பார் 1869 இல் புகைவண்டிக்குக் காற்றுத் தடை கண்டார். அதே ஆண்டில் ஹைன்ஸ் என்பார் அண்மை ஊராகிய ஷார்ப்ஸ்பர்க்கில் ஊறுகாய், கூட்டுச்சாறு முதலிய உணவுப் பண்டத் தொழிலைத் தொடங்கினார். 1888 இல் அலுமினியத் தொழிலும் இங்குக் கால்கொண்டது.

கொடையும் குருதியும்

கார்னகியின் கொடை உலகறிந்தது. 1889 இல் பிராடக்கில் அவர் திறந்த நூல்நிலையமே அமெரிக்காவில் அவர் அளித்தவற்றுள் முதலாவது. ஆலையிலிருந்து அழுக்கோடு வரும் தொழிலாளர் குளித்துவிட்டு நூல் படிக்கும் பொருட்டு அதன் கீழறையில் குளியலறையும் அமைத்தார். உலகெங்கும் அவர் பொருளால் எழுந்த நூல்நிலையங்கள் 2,500க்கும் மேற்பட்டன. 1900 இல் பிட்ஸ்பர்க்கில் அவர் நிறுவிய தொழிற் பள்ளியே இன்று கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது.

கொடையைப் போற்றுவோர் அக்கொடை எங்கிருந்து பிறந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். மொனங்கஹேலாக் கரையில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் கார்னகியின் பேராலை ஒன்று இருந்தது. 1892 இல் அங்கே தொழிலாளர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் முடிவுற்றது. மேலாளரான பிரிக் கூலியைக் குறைக்க முற்பட்டார். ஆலையைச் சுற்றி வேலியிட்டுக் கதவடைத்தார். கார்னகி அப்போது ஸ்காட்லாந்திலிருந்தார். ஜூலை 6 ஆம் நாள் விடியற்காலையில், பிங்கர்ட்டன் என்னும் தனியார் காவற் கம்பெனியின் ஆட்கள் 300 பேர் துப்பாக்கியுடன் இரண்டு தட்டைப் படகுகளில் ஆற்று வழியே வந்தனர். தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களும் கரையிற் கூடித் தடுத்தனர். அன்று பகல் முழுதும் நடந்த போரில் இரு பக்கத்தும் உயிர்கள் மாய்ந்தன. காவலர் சரணடைந்தனர்; ஆயினும், சில நாட்களில் மாநிலப் படை ஆயிரக்கணக்கில் வந்திறங்கியது. நவம்பரில் வேலைநிறுத்தம் தோற்றது, சங்கமும் வலியிழந்தது. அதன்பின் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை என்பது எஃகாலைகளில் 1923 வரை நீடித்தது.

அதே ஹோம்ஸ்டெட்டில் 1898 இல் கார்னகியின் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. அழகிய கட்டடம்; நல்ல நூல்கள். ஆனால், பன்னிரண்டு மணி நேரம் உலை முன் நின்றவன் எப்பொழுது படிப்பான்? சிறுவனாய் நின்று சனிக்கிழமை நூல் வாங்கியவர்க்கு இது தெரியாதது அன்று. கொடுத்தது பெரிது, கொடாதது அதனினும் பெரிது. வரலாறு எழுதுவோன் இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் முறை.

புகையும் வெள்ளமும்

தொழில் பெருகப் புகையும் பெருகியது. அங்குச் சென்ற எழுத்தாளர் ஒருவர், இரவில் குன்றின்மேல் நின்று உலைகளை நோக்கி, அந்நகரை நரகத்தோடு ஒப்பிட்டு 1868 இல் எழுதினார். நண்பகலிலும் தெருவிளக்கு எரிந்த நாட்கள் உண்டு. அலுவலகம் செல்வோர் நடுப்பகலில் மாற்றுதற்கு மற்றொரு சட்டையும் கொண்டு செல்வராம். 1936 மார்ச்சு மாதத்தில் ஆறுகள் 46 அடி உயர்ந்து நகரின் நடுவிடத்தை மூழ்க்கின. 1948 அக்டோபரில் மொனங்கஹேலாவின் மேற்புறத்து டொனோரா என்னும் ஊரில், ஆலைப்புகை பனியோடு கலந்து பல நாள் அசையாது நின்றது. 20 பேர் மாண்டனர்.

1941 இல் நகராட்சி புகைத்தடைச் சட்டம் இயற்றியது; உலகப் போரால் தடைப்பட்டு, 1946 முதல் அது செயலுக்கு வந்தது. மேயர் டேவிட் லாரன்ஸ் என்பாரும், செல்வர் ரிச்சர்ட் கிங் மெல்லன் என்பாரும், அரசியலில் மாறுபட்ட கட்சியினராய் இருந்தும், நகரின் நன்மைக்காக ஒன்றுபட்டனர். வானம் வெளுத்தது. கூடல் முனையிலிருந்த பழைய பண்டகசாலைகளும் இருப்புப்பாதைகளும் நீங்கிப் பெரும்பூங்கா உருவாயிற்று. இதற்கும் ஒரு விலை இருந்தது. நகர் நடுவை அடுத்த ஹில் என்னும் பகுதியின் கீழ்ப்பாகத்தை இடித்து அரங்கம் ஒன்று கட்டினர். அங்கிருந்து பெயர்க்கப்பட்டோர் ஏறக்குறைய 8,000 பேர். அவருட் பெரும்பாலார் கறுப்பின மக்கள். அப்பகுதியிற் பிறந்த ஆகஸ்டு வில்சன் என்னும் நாடகாசிரியர், அம்மக்களின் வாழ்வைப் பத்து நாடகங்களாக ஆக்கி அழியாமற் காத்தார். அவற்றுள் ஒன்பது அப்பகுதியையே களமாகக் கொண்டவை.

வீழ்ச்சி

1950 இல் நகரின் மக்கள் தொகை 6,76,806. அந்நாளில் இவ்வாலைகள் ஓயும் எனக் கூறுவோனைப் பித்தன் என்றிருப்பர். ஆயினும், வீழ்ச்சிக்குரிய காரணங்கள் ஒன்றொன்றாய்ச் சேர்ந்தன. போருக்குப்பின் ஜப்பானும் ஜெர்மனியும் புதிய முறையில் ஆலை கட்டின. பிட்ஸ்பர்க்கின் உலைகள் பழையனவாயின. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் சிற்றாலைகள் அமெரிக்காவிலேயே பிற இடங்களில் எழுந்தன. உலைகளைப் புதுப்பிக்க வேண்டிய காலத்தில், 1982 இல், அமெரிக்க எஃகுக் கம்பெனி பெரும் பொருள் கொடுத்து எண்ணெய்க் கம்பெனி ஒன்றை வாங்கியது. 1986 இல் ஹோம்ஸ்டெட் ஆலை அடியோடு மூடப்பட்டது. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறை ஒரே ஆலை வாயிலிற் புகுந்த குடும்பங்கள் வேலையிழந்தன. இளைஞர் தெற்கேயும் மேற்கேயும் பெயர்ந்தனர். 2020 இல் எடுத்த கணக்கின்படி நகரின் மக்கள் தொகை 3,02,971.

தொழில் ஒன்றே கதியாயிருந்த ஆற்றோர ஊர்களின் நிலை இன்றும் இரங்கத்தக்கது. கார்னகி முதலில் ஆலை கட்டிய பிராடக் பத்திலொரு பங்கு மக்களோடு நிற்கின்றது. அங்குள்ள எட்கர் தாம்சன் ஆலையில் மட்டும் இன்றும் எஃகு உருகுகின்றது.

எழுச்சி

எனில், பிட்ஸ்பர்க் எவ்வாறு உயிர் தாங்கியது? செல்வம் உள்ள காலத்தில் கல்விக்கென ஒதுக்கிய பங்கே அதனைத் தாங்கியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1926 இல் தொடங்கி 42 மாடி உயரத்திற் கட்டிய கல்விக் கோபுரம் ஒன்று உண்டு. கட்டி முடிக்கும் முன்னரே நாடெங்கும் பொருள் முடை நேர்ந்தது. அக்காலத்தே பள்ளிச் சிறார் 97,000 பேர், தலைக்குப் பத்து சென்ட் வீதம் அக்கோபுரத்திற்கு அளித்தனர். அதனுள் பல நாட்டு மரபுப்படி அமைந்த முப்பதுக்கு மேற்பட்ட வகுப்பறைகள் உள. அவற்றுள் இந்திய அறை நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் சாயலில் அமைந்தது.

அப்பல்கலைக்கழகத்திலேயே ஜோனஸ் சால்க் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் கண்டார். அது நற்பயன் தருவது என்ற செய்தி 1955 ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிவந்தது. 1981 முதல் தாமஸ் ஸ்டார்சல் என்னும் மருத்துவர் அங்கே கல்லீரல் மாற்றுச் சிகிச்சையை வளர்த்தார். கார்னகியின் தொழிற்பள்ளி வழிவந்த பல்கலைக்கழகம் 1979 இல் எந்திர மனிதவியலுக்குத் தனி நிலையம் கண்டது. எஃகுக் கம்பெனிக்காக 1970 இல் எழுந்த 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இன்று பொறித்திருப்பது பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனைக் குழுவின் பெயர்.

காண்போர்க்கு உரியன

இன்று பிட்ஸ்பர்க் செல்வோர் முதலிற் காண்பது பாலங்கள். சிறிதும் பெரிதுமாய் நானூற்றுக்கு மேல். 1883 இற் கட்டிய ஸ்மித்பீல்டு தெருப் பாலம் பழமையிற் சிறந்தது. அல்லகேனியின் குறுக்கே ஒரே வடிவில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று பாலங்களை மூன்று சகோதரிகள் என்பர். அவற்றுள் ஒன்று, அவ்வாற்றங்கரையில் ஸ்பிரிங்டேல் என்னும் ஊரிற் பிறந்து, பூச்சிமருந்தின் கேட்டை 1962 இல் உலகிற்கு உணர்த்திய ரேச்சல் கார்சன் அம்மையார் பெயர் தாங்கியது.

குன்றின்மேல் ஏற, கம்பியால் இழுக்கப்பெறும் வண்டிகள் இரண்டு உள. நம் மக்கள் வின்ச்சு என்று வழங்கும் வகையின. ஒன்று 1870 இலும், மற்றொன்று 1877 இலும் தொடங்கின. பின்னது 1962 இல் நின்றபோது, அக்குன்றின் குடிகளே பொருள் திரட்டி அடுத்த ஆண்டில் மீண்டும் ஓட்டினர். மேலேறி நோக்கினால் மூன்று ஆறுகளும் ஒருங்கு தோன்றும். கூடல் முனைப் பூங்காவின் நீரூற்று உயர எழும். அதன் நீர் மூவாற்று நீரன்று. நிலத்தடியில் மறைந்தோடும் நீரோட்டத்தினின்று எடுப்பது. நம்மவர் அந்தர்வாகினி என்பதை அந்நகரத்தார் நான்காம் ஆறு என்கின்றனர்.

1893 இல் திறந்த பிப்ஸ் கண்ணாடிப் பூங்காவும், கார்னகி பொருட்காட்சிச் சாலையின் தொல்விலங்கு எலும்புகளும், ஓவியர் ஆண்டி வார்ஹோல் பெயரால் 1994 இல் அமைந்த காட்சிச்சாலையும் காணத்தக்கன. ஆற்றின் மேற்புறம் காரி ஊதுலைகள் இரண்டு அணைந்து துருவேறி நிற்கின்றன. அவை 2006 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாய்க் காக்கப்பெறுகின்றன. ஹோம்ஸ்டெட் ஆலை இருந்த இடம் இப்பொழுது கடைவீதி. புகைபோக்கிகள் பன்னிரண்டு மட்டும் வரிசையாய் நிற்கின்றன.

நகரின் கிழக்கே பென் ஹில்ஸ் குன்றுச் சாரலில் வேங்கடவன் கோயில் ஒன்று வெண்மை ஒளிர நிற்கின்றது. 1965 இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் மருத்துவராயும் பொறியாளராயும் சென்ற நம் நாட்டவர், திருமலைத் தேவஸ்தானத்தின் துணையோடு 1970களில் இதனை எழுப்பினர். அமெரிக்காவில் எழுந்த பழைய இந்துக் கோயில்களுள் இஃது ஒன்று. அந்நகரின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் அவர்களை வரவேற்ற வாயில்களாதலின், இக்கோயிலும் ஒரு வகையில் கல்வியின் பயனே எனலாம்.

முடிவுரை

தறி நின்றதால் ஊர் விட்ட நெசவாளர் மகன் எஃகு செய்தான். எஃகு நின்றபின் அவ்வெஃகின் பொருளாற் கட்டிய பள்ளி நகரைத் தாங்கியது. எத்தொழிலும் நில்லாது என்பதை அன்றைய செல்வர் எண்ணிச் செய்தனரோ, எண்ணாது செய்தனரோ, பயன் பின்னோர்க்கு வந்தது. ஆனால், பள்ளியால் எழுந்த நகரில், உலை முன் நின்றோர் அனைவரும் எழவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. அவர்க்கு ஓய்வும் கூலியும் உரிய காலத்திற் கிடைத்திருப்பின், அவர்தம் மக்களும் அப்பள்ளியில் முன்னரே அமர்ந்திருப்பர்.

ஆதலின், தொழில் நடத்தும் நம் அன்பர்கள் இரண்டு செய்க. கைத்தொழிலாளிக்கு உரியதை அன்றே கொடுக்க. நல்ல காலத்து வருவாயில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் கல்விக்கென எடுத்து வைக்க. பெருஞ்செல்வர் ஒருவர் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. 42 மாடிக் கோபுரத்திற்குப் பத்து சென்ட் கொடுத்த சிறுவரும் கொடையாளரே.